மணி கிடைக்கும், சம்பளம் கிடையாது: புதிய விமானி ஒப்புக்கொள்ளலாமா?

கூலிக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கும் கமர்ஷியல் லைசென்ஸ் கைக்கு வந்த சில மாதங்களில் புதிய விமானிகள் பலருக்கு இப்படி ஓர் அழைப்பு வரும். அழைப்பவர் வாடகைக்கு விமானம் விடும் சிறிய சார்ட்டர் நிறுவனம் நடத்துபவராக இருக்கலாம், சொந்தமாக இரட்டை எஞ்சின் விமானம் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். "சம்பளம் தர வசதியில்லை. ஆனால் துணை விமானியின் வலப்பக்க இருக்கையில் உட்காருங்கள், எங்கள் கேப்டன் எல்லாம் சொல்லித் தருவார், உங்களுக்கும் பறக்கும் மணி ஏறும்" என்பார்கள். கேட்டவுடன் மறுக்க மனம் வராது. படிப்புக்கு வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் எத்தனை மணி பறந்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்த மணியை ஒருவர் சும்மா தருகிறேன் என்கிறார்.

இதற்கு என் பதில், பெரும்பாலான நேரங்களில், வேண்டாம் என்பதுதான். ஒப்புக்கொள்ளக்கூடிய சில இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: நீங்கள் வராவிட்டால் அந்த இருக்கையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

மணிக்கு இவ்வளவு பசி ஏன் என்பதை முதலில் பார்த்துவிடலாம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரப்படி கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சியில் படித்தவருக்கு 150 போதும். ஏர்லைன் கேப்டனுக்குத் தேவையான ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்கோ 1,500 மணி. அமெரிக்காவில் 2013 முதல் ஏர்லைனில் துணை விமானியாகச் சேரவே இந்த லைசென்ஸ் வேண்டும். ராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750, விமானவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 என்று சலுகை இருக்கிறது. மற்றவர்கள், அங்கே வழக்கமாகக் கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்கும் 250 மணியிலிருந்து 1,500 மணி வரையுள்ள தூரத்தைத் தங்கள் பாட்டுக்குக் கடந்தாக வேண்டும். வேறு பல நாடுகளில் 200 மணியோடு ஜெட்டின் வலப்பக்கம் உட்காரச் சட்டம் விடுகிறது. ஆனால் அங்கே நிறுவனங்கள், ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங் கேட்கின்றன, அந்த ரக விமானத்தில் சில நூறு மணி பறந்த அனுபவமும் கேட்கின்றன. பறந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் பறக்க முடியும். இந்த இடுக்கில் நிற்பவரிடம்தான் அந்த அழைப்பு வருகிறது.

"சும்மா" என்று நாம் சொல்வதைச் சட்டம் சும்மா என்று ஏற்பதில்லை. அமெரிக்க விதிகளின்படி பிரைவேட் லைசென்ஸ் வைத்திருப்பவர் கூலிக்கோ கைம்மாறுக்கோ விமானம் ஓட்டக் கூடாது. கைம்மாறு என்றால் பணம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தன் கைக்காசு செலவழிக்காமல் ஒருவருக்குக் கிடைக்கும் பறக்கும் மணியும் கைம்மாறுதான் என்று விமானப் போக்குவரத்து ஆணையத்தின் சட்டப் பிரிவு நெடுங்காலமாக விளக்கம் தந்துவருகிறது. "பெட்ரோல் நான் போடுகிறேன், என் நண்பரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வா, உனக்கும் மணி சேரும்" என்று விமானச் சொந்தக்காரர் சொல்லி, பிரைவேட் லைசென்ஸ்காரர் அதைச் செய்தால், பத்துக் காசு கைமாறாமலேயே லைசென்ஸ் ஆபத்தில் விழுந்துவிடும்.

கமர்ஷியல் லைசென்ஸ் வந்தபின் இந்தத் தடை இல்லை. ஆனால் இன்னொன்று இருக்கிறது. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் நிறுவனத்துக்குத் விமானச் சேவை நடத்தத் தனியாக ஒரு சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல், நண்பர்களுக்கு உதவுகிறோம், செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்ற பெயரில் சார்ட்டர் நடத்துபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பிடிபடும்போது அந்த இருக்கையில் இருந்த விமானியும் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சம்பளமே தரவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது. எனவே அழைப்பு வந்தால் முதல் வேலையாகச் சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்ததாகப் பலரும் கவனிக்காமல் விடுவது, கிடைக்கும் மணி செல்லுமா என்பதை. விமானி தான் பறந்த மணியைப் பதிவு செய்யும் லாக்புக்கில் துணை விமானி என்று ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தியில் எழுத, பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது. விமானத்தின் வகைச் சான்றிதழ் இரண்டு விமானிகளைக் கேட்க வேண்டும், அல்லது அந்தப் பயணத்துக்கான விதி கேட்க வேண்டும். சிறிய சார்ட்டர் நிறுவனங்கள் அதிகம் வைத்திருக்கும் கிங் ஏர் 200 விமானம் ஒற்றை விமானியோடு பறக்கச் சான்று பெற்றது. அதன் வலப்பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்து, ரேடியோ பேசி, சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டுப் பக்கம் பக்கமாகத் துணை விமானி மணி எழுதியவர், ஏர்லைன் நேர்காணலில் அந்த லாக்புக்கைத் திறக்கும்போது கேள்விகள் வரும். எந்த விதிப்படி இரண்டாவது விமானி தேவைப்பட்டார்? விமானத்தில் தானியங்கி விமானி இருந்ததா? அதை வைத்து ஒற்றை விமானியாகப் பறக்க நிறுவனத்துக்கு அனுமதி இருந்ததா? இரண்டாவது விமானிக்கான தகுதித் தேர்வை எப்போது எழுதினீர்கள்? பதில் இல்லையென்றால் அந்த மணியெல்லாம் கழிந்துபோகும். அதைவிட மோசமாக, லாக்புக்கில் பொய் எழுதியவர் என்ற சந்தேகம் வரும். விமானத் துறையில் அந்தப் பெயர் ஒருமுறை வந்தால் போகாது.

இங்கேதான் விஷயம் தெளிவாகிறது. மணி செல்ல வேண்டுமானால் அந்த இருக்கையில் ஒரு விமானி கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் நிறுவனம் உங்களை வைக்காவிட்டால் வேறொருவரை வைத்தே தீர வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுத்தே தீர வேண்டும். அதாவது அது ஒரு வேலை. வேலையே இல்லை, சும்மா கற்றுக்கொள்ள உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் துணை விமானி மணி செல்லாது. சம்பளமும் கிடையாது, மணியும் செல்லும் என்று ஒருவர் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார் என்றால், ஒன்று அவர் உங்கள் கூலியை வைத்துக்கொள்கிறார், இல்லையென்றால் மணியைப் பற்றிச் சரியாகச் சொல்லவில்லை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. தகுதியுள்ள இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் பாடத்திட்டம் வைத்து உண்மையிலேயே சொல்லித் தந்தால் அதைப் பயிற்சி மணியாக எழுதலாம். அமெரிக்காவில் 2018-இல் வந்த ஒரு திருத்தத்தின்படி, இரண்டாவது விமானி கட்டாயமில்லாத சில சார்ட்டர் பயணங்களிலும், நிறுவனம் அதற்கான முன்னேற்றப் பயிற்சித் திட்டத்துக்கு அனுமதி பெற்றிருந்தால், துணை விமானி மணி எழுத வழி இருக்கிறது. அனுமதி இருக்கிறது என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது, தாளைக் காட்டச் சொல்ல வேண்டும்.

பயிற்சி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி விமானத் துறைக்கு முன்பே ரயில்வேயில் எழுந்தது. ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலைக்கு வர விரும்பியவர்களுக்குப் போர்ட்லண்ட் டெர்மினல் என்ற அமெரிக்க ரயில் நிறுவனம் ஏழெட்டு நாள் பயிற்சி கொடுத்தது. பயிற்சிக் காலத்துக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டா என்று வழக்கு வந்தது. 1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூலி வேண்டியதில்லை என்றது. சொன்ன காரணம்தான் முக்கியம். இந்தப் பயிற்சியாளர்கள் வழக்கமான தொழிலாளி யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை, எல்லா வேலையையும் பழைய ஆட்கள் கூடவே நின்று பார்த்துக்கொண்டார்கள், இவர்களால் நிறுவனத்தின் வேலை வேகமாகவில்லை, சில நேரம் தாமதம்கூட ஆனது. பிறகு வந்த தீர்ப்புகள், இந்த ஏற்பாட்டால் முக்கியமாகப் பயன்பெறுவது யார் என்று கேட்கத் தொடங்கின. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனாலும் எந்த நாட்டு விமானியும் தன் அழைப்பை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நான் இருப்பதால் இவர்களுக்கு வேலை சுலபமாகிறதா, கூடுகிறதா?

சம்பளமில்லாத துணை விமானி ஒருவரின் நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். விடியும் முன்பே ஹேங்கருக்கு வந்து விமானத்தை வெளியே இழுக்கிறார். எரிபொருள் வண்டியைக் கூப்பிடுகிறார். காப்பி, பனிக்கட்டி, செய்தித்தாள் எல்லாம் ஏற்றுகிறார். பயணிகளின் பெட்டிகளைத் தூக்கி வைக்கிறார். ஒரு மணி நேரம் பறந்தபின், போன ஊரில் எட்டு மணி நேரம் காத்திருக்கிறார். திரும்பி வந்து இருக்கைகளைத் துடைத்து, குப்பையை அள்ளி, விமானத்துக்கு உறை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். பன்னிரண்டு மணி நேர உழைப்புக்கு லாக்புக்கில் ஏறுவது இரண்டு மணி. அன்று யாரும் அவருக்கு எதையும் சொல்லித் தந்திருக்கவில்லை. பார்த்துப் பழகினார், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான இடமும் இருக்கிறது. கிளைடர் கிளப்புகளில் இழுவை விமானம் ஓட்டுவது. கிளைடருக்கு எஞ்சின் கிடையாது என்பதால் சிறிய விமானம் ஒன்று கயிறு கட்டி மேலே இழுத்துச் செல்லும். சுமார் 2,000 அடியில் கிளைடர் கயிற்றை விடும், இழுவை விமானி இறங்கி வந்து அடுத்ததைக் கட்டிக்கொண்டு போவார். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆகும். நல்ல நாளில் இப்படி இருபது முறைகூட ஏறி இறங்கலாம். பின்னால் ஒரு கிளைடர் தொங்க, வேகத்தை ஓரிரு நாட் (விமான வேகத்தின் அளவு) தாண்டவிடாமல் ஏற வேண்டும். கயிறு விட்டதும் எஞ்சின் சட்டென்று குளிர்ந்து சிலிண்டரில் விரிசல் விழாதபடி சக்தியைப் படிப்படியாகக் குறைத்து இறங்க வேண்டும். புல்தரையில், பக்கக் காற்றில், நூறு முறை தரையிறங்கிய கை வேறு கைதான். இந்த விமானிகள் பலரும் தொண்டர்கள். கிளப்பே தொண்டர்களால் நடப்பது, கிளைடர் ஓட்டுபவரும் கயிறு பிடிப்பவரும் கணக்கு எழுதுபவரும்கூட யாரும் சம்பளம் வாங்குவதில்லை. அமெரிக்க விதியும் கிளைடர் இழுப்பதற்குப் பிரைவேட் லைசென்ஸ்காரருக்குத் தனி விலக்கு கொடுத்திருக்கிறது. இங்கே யாருடைய வேலையும் போகவில்லை, கற்பது நிறைய, மணியும் தலைமை விமானி மணி. இப்படிப்பட்ட இடம் கிடைத்தால் நான் தயங்காமல் போ என்பேன்.

இனி இன்னொரு முனைக்கு வருவோம். சம்பளமில்லாமல் பறப்பது பழகிவிட்டால் அடுத்த படி, பணம் கட்டிப் பறப்பது. இதற்கு ஆங்கிலப் பெயரே உண்டு, 'பே டு ஃபிளை' என்பார்கள். புளோரிடாவில் இருந்த கல்ஃப்ஸ்ட்ரீம் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸோடு சேர்ந்த பயிற்சிப் பள்ளி ஒன்று, சுமார் 30,000 டாலர் வாங்கிக்கொண்டு, பயணிகள் உட்கார்ந்திருக்கும் பீச் 1900 விமானத்தின் வலப்பக்க இருக்கையில் 250 மணி பறக்க விட்டது. மணி முடிந்ததும் அடுத்தவர் வந்து உட்காருவார். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஏர்பஸ் 320, போயிங் 737 விமானங்களில் டைப் ரேட்டிங்கோடு 300, 500 மணி லைன் டிரெய்னிங் (பயணிகளோடு பறக்கும் பயிற்சி) என்று தரகர்கள் வழியாக விற்கப்பட்டது. ஐரோப்பிய விமானிகள் சங்கமான யூரோப்பியன் காக்பிட் அசோசியேஷன் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் போராடுகிறது. நிறுவனத்தின் கணக்கில் துணை விமானி செலவாக இருந்தது போய் வரவாகிவிடுகிறார். அப்புறம் எதற்கு நிரந்தர வேலை கொடுப்பார்கள்? 500 மணி முடித்தவரை வைத்துக்கொண்டால் சம்பளம் தர வேண்டும், அனுப்பிவிட்டால் பணம் கட்ட அடுத்தவர் காத்திருக்கிறார். முடித்தவர் கையில் மணியும் கடனும் இருக்கும். அவர் போய்ச் சேர வேண்டிய இருக்கையிலோ பணம் கட்டிய இன்னொருவர் இருப்பார்.

சம்பளத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பாதுகாப்பு. பக்கத்தில் இருக்கும் கேப்டன் தவறு செய்யும்போது "வேண்டாம்" என்று சொல்வதற்காகத்தான் இரண்டாவது விமானி இருக்கிறார். இடி மேகத்துக்கு முன்னால், இறக்கையில் பனி படிந்த காலையில், எரிபொருள் கணக்கு ஒட்டாதபோது அதைச் சொல்லத் துணிவு வேண்டும். மணிக்காகச் சும்மா வந்து உட்கார்ந்திருப்பவர் நாளை கூப்பிடுவார்களா மாட்டார்களா என்ற நினைப்போடு இருக்கிறார். அவருக்கு ஒப்பந்தமில்லை, சங்கமில்லை, பயணம் ரத்தானால் மணியும் இல்லை. பறக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியவருக்கே பறந்தால்தான் லாபம் என்று ஆகிவிடுகிறது. சம்பளம் வாங்குபவருக்கும் இந்த நெருக்கடி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளம் உள்ளவர் இன்று பறக்காவிட்டாலும் இந்த மாத வாடகை கட்டிவிடுவார்.

வாடகை என்றதும் சோர்வையும் சொல்ல வேண்டும். சம்பளமில்லாமல் பறப்பவர் சாப்பிட வேறெங்கோ வேலை பார்த்தாக வேண்டும். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலம் பஃபலோ அருகே கோல்கன் ஏரின் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து இறக்கை தூக்கும் விசையை இழக்கப்போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் உயர்த்தியதே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. விசாரணையில் இன்னும் பல விஷயம் வெளியே வந்தது. துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் 24,000 டாலருக்கும் குறைவு. நாட்டின் மறுகோடியில் இருந்த சியாட்டிலிலிருந்து இரவோடு இரவாக வேறு விமானங்களில் தொற்றிக்கொண்டு வந்து அன்று வேலைக்கு நின்றார். கேப்டன் முந்தைய இரவைக் கழித்தது விமானிகள் அறையில். சோர்வு இருவரின் செயல்பாட்டையும் பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று சொல்ல முடியவில்லை என்றது அறிக்கை. அந்தக் கேப்டன் தன் தொடக்க கால மணிகளில் ஒரு பகுதியைச் சேர்த்தது, மேலே சொன்ன புளோரிடாப் பள்ளியில் பணம் கட்டித்தான். விபத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வாரியமும் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டி நுழைந்து, சொற்பச் சம்பளத்தில் தாக்குப்பிடித்து, கிடைத்த இடத்தில் தூங்கிப் பறக்கும் ஒரு தொழில் எப்படி இருக்கும் என்பதை உலகம் அன்றுதான் கவனித்தது.

அமெரிக்காவின் 1,500 மணி விதி இந்த விபத்துக்குப்பின் வந்த சட்டத்தால் பிறந்தது. அன்று இறந்த விமானிகள் இருவருக்குமே 1,500 மணிக்கு மேல் அனுபவம் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். மணியை மட்டும் எண்ணினால் போதாது, எப்படிச் சேர்த்த மணி என்பதும் முக்கியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த விதியால் விளைந்த இன்னொன்றையும் பார்க்கலாம். தகுதியுள்ளவர்கள் குறைந்தார்கள், கோவிட் காலத்தில் மூத்தவர்கள் ஓய்வுபெற்றார்கள், 2022-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாய், பீட்மான்ட், பிஎஸ்ஏ மூன்றும் புதிய துணை விமானியின் சம்பளத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தின. ஒரு காலத்தில் 24,000 டாலருக்குக் கிடைத்த அதே இருக்கைதான். பணமே இல்லை என்று சொல்லிவந்த தொழிலுக்கு ஆள் கிடைக்காமல் போனபோது பணம் வந்தது. சும்மா பறக்க ஒருவர் ஒப்புக்கொள்வதால் அவர் மட்டும் இழப்பதில்லை என்று நான் நினைக்கக் காரணம் இதுதான். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் அதே விலைதான் சொல்லப்படும்.

சரி, மறுத்துவிட்டால் மணிக்கு என்ன செய்வது? இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுப்பது பழைய, சோர்வு தரும், ஆனால் நேர்மையான வழி. சம்பளம் குறைவு, வகுப்பறையில் செலவாகும் நேரத்துக்குச் சில பள்ளிகள் சரியாகத் தருவதும் இல்லை. ஆனால் எழுதும் மணியெல்லாம் தலைமை விமானி மணி, அடுத்தவர் தவறைச் சரிசெய்தே தன் கை தேறும். பாராசூட் குதிப்பவர்களை ஏற்றிச் செல்வது, விளம்பரப் பதாகை இழுப்பது, குழாய்த்தடங்களை வானிலிருந்து கண்காணிப்பது என்று 250 மணி விமானிக்குச் சம்பளம் தரும் வேலைகளும் இருக்கின்றன. வீட்டை விட்டுத் தூரம் போக வேண்டியிருக்கும்.

அழைத்தவர் நல்லவராகத் தெரிகிறார், கேப்டனும் அனுபவசாலி, விட மனமில்லை என்றால் பேரம் பேசுங்கள். புதியவர் பேரம் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. உண்மையிலேயே பயிற்சி என்றால் அதற்குப் பாடத்திட்டம் இருக்கும், முடியும் தேதி இருக்கும், சொல்லித் தருபவரின் பெயர் இருக்கும். இவற்றைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்குப்பின் எவ்வளவு சம்பளம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். காப்பீட்டையும் கேளுங்கள். விமானத்தின் காப்பீடு முதலில் சொந்தக்காரரைத்தான் காக்கிறது. விமானியின் பெயர் அதில் சேர்க்கப்படவில்லை என்றால், விபத்துக்குப்பின் சொந்தக்காரருக்கு இழப்பீடு கொடுத்த கம்பெனி அந்தத் தொகையை விமானியிடமே கேட்டு வரலாம். அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதும் சம்பளப் பட்டியலில் இல்லாதவருக்குப் பெரிய கேள்வி.

பயிற்சிக்குச் செலவாகிறது, கற்றுக்கொண்டு ஓடிவிடுவீர்கள் என்று நிறுவனம் பயந்தால் அந்தப் பயம் நியாயமானதுதான். டைப் ரேட்டிங்குக்குப் பல்லாயிரம் டாலர் ஆகும். அதற்கு, இத்தனை காலத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தருவேன் என்று பாண்ட் எழுதலாம். உண்மையில் ஆன செலவுக்கு மட்டும், ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்கு, மாதாமாதம் தொகை குறைந்துகொண்டே வரும்படி, நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினால் எதுவும் திருப்பித் தர வேண்டாம் என்ற வரியோடு. கூடவே முதல் நாளிலிருந்து சிறியதாகவாவது ஒரு பயிற்சிச் சம்பளம். பெரிய நிறுவனங்கள் சிலவே இப்போது இதைத் தாண்டிப் போயிருக்கின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023-இல் தொடங்கிய ஸ்பீட்பேர்ட் பைலட் அகாடமி, தேர்வானவர்களின் பயிற்சிச் செலவு முழுவதையும் தானே ஏற்கிறது.

இந்தப் பதில் யோசனையைச் சொன்னதும் எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். உங்களை விமானியாக வைத்துக்கொள்ள எண்ணம் இருப்பவர் தொகையைக் குறைக்கப் பேசுவார், காலத்தை நீட்டப் பேசுவார், பேசித்தான் ஆக வேண்டும். "உனக்குப் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள்" என்று பதில் வந்தால், அந்த இருக்கைக்கு ஒரு விமானி தேவை என்பதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார், சம்பளம் தரத்தான் மனமில்லை. லைசென்ஸையும் லாக்புக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.